குண்டுத் தூணுக்குப் பின்னால்

கடை இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்ட அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பிஸ்கட் டப்பாவையே பிடுங்கி எறிந்திருப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மார்க்கெட் சூப்பர்வைசர் தப்பித்தார். டப்பாவுக்குள் கையை விட்டு என் நாத்தனார் எடுத்த சீட்டில் வாசல் தூண் வந்தது. நான் எடுத்ததில் குண்டுத் தூண் வந்தது.

குண்டுத் தூணைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. எங்கள் ஊர் சந்தைக் கூடம் பல நூறு வருடத்துக் கட்டடம். சந்தைக் கூடம் என்று பேர்தானே தவிர, எனக்கு நினைவு தெரிந்து அதற்குள் ஒரு கத்தரிக்காய்கூட விற்றதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது சினிமாக் கொட்டகை. அப்புறம் பந்து விளையாடும் இடம். அதற்கும் அப்புறம் கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவைத்த கிடங்கு. உள்ளே உயரமான கூரையைத் தாங்கிக்கொண்டு வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். எல்லாமே ஒல்லித் தூண்கள், ஒரு ஆள் கட்டிப்பிடித்துவிடலாம். நட்ட நடுவில் நிற்கிற ஒன்று மட்டும் குண்டு. மூன்று பேர் கை கோர்த்தாலும் அதைச் சுற்றி வளைக்க முடியாது. எனக்குக் கொடுத்த இடம் அதற்குப் பின்னால், தூணுக்கும் பின்சுவருக்கும் நடுவில். வாசலிலிருந்து வருகிறவர்களுக்குத் தூண் தெரியும், நான் தெரியமாட்டேன்.

நான் விற்பது பட்டன், நூல், ஜிப், கொக்கி, லேஸ், ஊசி. ஊரில் என்னைப் பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டன் வாங்க வேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்பி வருவதில்லை. வேறு எதற்கோ போகிற வழியில் என் தட்டுகளைப் பார்ப்பார்கள், அடடா அந்தச் சட்டையில் ஒன்று அறுந்து கிடக்கிறதே என்று ஞாபகம் வரும், வாங்குவார்கள். கண்ணில் படவில்லை என்றால் என் பிழைப்பு அதோடு முடிந்தது. இத்தனை நாளும் நடைபாதையில் நாத்தனாரின் பழக்கடைக்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தேன். சாலையை அகலமாக்குகிறோம் என்று எங்களை எழுப்பிவிட்டு, அதற்குப் பதிலாகக் கூடத்தைச் சுத்தம் பண்ணித் திறந்துவிட்டார்கள். அது நியாயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. சீட்டில்தான் குறை.

"உனக்கென்னம்மா, நல்ல நிழலான இடம். கண்ணு கூசாது," என்றாள் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா அவள். குத்திக் காட்டுவதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கென்னக்கா, வாசல்ல உக்காந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லலாம். பழம் விக்குதோ இல்லையோ, கல்யாண வீடு மாதிரி இருக்கும்," என்றேன் நான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அழுகை முட்டியது.

காரணம் இதுதான். கடை ஓடவில்லை என்றால் நான் தையல் கம்பெனிக்குப் போக வேண்டும். தைத்த சட்டைகளில் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அங்கே ஒரு மேடம் என்னை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நல்ல இடம்தான். ஆனால் வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் பேசினால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நீதான் மாசா மாசம் கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாமல் இருந்தால் எனக்கு உண்மையாகவே உடம்புக்கு ஆகாது.

என் வீட்டுக்காரர் அப்படியே எனக்கு எதிர். சுவருக்குச் சாயம் அடிப்பார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருக்கும், ஆனால் வாயிலிருந்து ஒரு எழுத்து வராது. அவர் ஒரு வருடத்தில் பேசுவதை நான் காலை காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவேன்.

கூடத்தில் ஒரு பழைய விதி உண்டு. அவரவர் இடத்துத் தூணை அவரவரே வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். யார் எப்போது போட்ட விதி என்று ஒருவருக்கும் தெரியாது. சூப்பர்வைசருக்கு மட்டும் அது வேதம். திறப்பு விழாவுக்கு ரெண்டு வாரம் முன்னால் எல்லாரும் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து ஆளுக்கொரு தூணைப் பூசிக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். குண்டுத் தூணுக்குச் சாயம் அடிப்பதற்கே தனி ஆள் வைக்க வேண்டும் போலிருந்தது. இப்படி ஊதிப்போய் நிற்கிறாயே என்று திட்டிக்கொண்டே பார்த்தபோது, ஒரு இடத்தில் பச்சைப் பூச்சு பெயர்ந்து தொங்கியது. அதன் விளிம்பு ரொட்டித் துண்டு கனம் இருந்தது. அடியில் வேறு நிறம், அதற்கும் அடியில் இன்னொரு நிறம்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருடமாக வந்தவனெல்லாம் இந்தத் தூணுக்குப் பூசினானே ஒழிய, எவனும் சுரண்டவில்லை. அதனால்தான் இது குண்டாகிவிட்டது. சுரண்டினால் மற்ற தூண்கள் மாதிரி ஒல்லியாகும், பின்னால் நான் தெரிவேன். வீட்டுக்காரரின் பையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டேன்.

"பூசச் சொன்னா சுரண்டுறீங்களே," என்று சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"சுரண்டாம பூசக்கூடாதுன்னு பெயிண்டர் சொல்லியிருக்கார்," என்றேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயைத் திறக்காதது எனக்குச் சில சமயம் ரொம்ப வசதி.

பச்சை, பந்து விளையாடிய காலத்துப் பூச்சு. ஒரு பகல் முழுக்கச் சுரண்டியபின் அதற்கு அடியில் கருஞ்சிவப்பு வந்தது. அதைப் பார்த்ததும் என் கடைக்கு வாடிக்கையாக வரும் டெய்லர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"இது கொட்டகைச் சிவப்பாச்சே. இந்தத் தூணுக்குப் பின்னாடி சீட்டுதான் எனக்கு எப்பவும் கிடைக்கும். பாதித் திரை இது மறைச்சிடும். கதாநாயகன் அடிக்கிறது தெரியும், யாரை அடிக்கிறான்னு தெரியாது. வில்லன் மூஞ்சியை நான் பார்த்ததே இல்லைக்கா."

"அப்ப நீங்களும் என் இடத்துக்காரர்தான்," என்றேன். ரொம்ப நாள் கழித்து மனசு விட்டுச் சிரித்தோம்.

அந்தச் சிவப்பின் மேல் வெள்ளை எழுத்தில் 'பேசாதீர்கள்' என்று எழுதியிருந்தது. வாசலிலிருந்து நாத்தனார் அதைப் படித்துவிட்டாள். பழத்தில் அழுகலைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு, எதையும் விடாது.

"தூணே சொல்லிடுச்சு பாரு," என்றாள்.

அந்த எழுத்தை முதலில் சுரண்டினேன். அடியில் சாம்பல் கலந்த நீலம். கூடம் கோர்ட்டாக இருந்த காலம் அது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆள் தோள் உயரத்தில் மட்டும் நீலம் மழுமழுவென்று தேய்ந்திருந்தது. வழக்குக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என் தூணில் சாய்ந்து கவலைப்பட்டார்களோ. அதிலும் ஒரு அறிவிப்பு, 'அமைதி காக்கவும்'. நாத்தனார் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் அவளை ஒரு முறை முறைத்தேன்.

நீலத்துக்கு அடியில் வெறும் வெள்ளை. ஊரில் பெரிய காய்ச்சல் பரவிய காலத்தில் இங்கே கட்டில் போட்டு வைத்தியம் பார்த்தார்களாம். 'நோயாளிகள் உறங்குகிறார்கள், சத்தம் வேண்டாம்.' இது ஒன்றை மட்டும் நான் மன்னித்தேன், பாவம். வெள்ளைக்கும் அடியில் நெஞ்சு உயரம் வரை கறுப்புத் தார், அதில் துருப்பிடித்த ஒரு இரும்பு வளையம். சிப்பாய்கள் குதிரை கட்டிய காலம். தாரில் எங்கெங்கேயோ குதிரைகள் பல்லால் கடித்த தடம் இருந்ததே தவிர, அறிவிப்பு எதுவும் இல்லை. குதிரையிடம் மட்டும்தான் இந்த ஊரில் யாரும் பேசாதே என்று சொல்லவில்லை.

தாரும் போனபின் செங்கல் வந்தது.

நான் எட்ட நின்று பார்த்தேன். இத்தனை நாள் கை தேய, நகம் தேய சுரண்டியதில் தூண் ஒரு விரல் கனம்தான் இளைத்திருந்தது. செங்கல்லும் காரையுமாக அது முன்போலவே குண்டாக நின்றது. சாயத்தால் குண்டாகவில்லை, கட்டும்போதே குண்டாகத்தான் கட்டியிருக்கிறார்கள். என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். கம்பெனி மேடத்துக்கு நாளைக்கே போன் பண்ணிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், தகட்டின் பிடியால் செங்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். டொக் டொக் என்று தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள ஒண்ணும் இல்ல," என்றார்.

"யார் தலைக்குள்ள? என் தலைக்குள்ளயா?"

அவர் என் கையை எடுத்துச் செங்கல்மேல் வைத்து இன்னொரு தரம் தட்டினார். பானையைத் தட்டுவது போல் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. காரை உதிர்ந்திருந்த ஒரு செங்கல்லைத் தகட்டால் நெம்பினேன். அது கையோடு வந்துவிட்டது.

சூப்பர்வைசர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தார். "கூரை இடிஞ்சு விழுந்தா யாரும்மா பொறுப்பு? உங்க வீட்டுக்காரரா?" என்று மூச்சிரைத்தார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். யாரும் போகவில்லை. என்ன ஆகப்போகிறது என்று பார்க்க இன்னும் கொஞ்சம் பேர் உள்ளே வந்தார்கள். கடைசியில் என்ஜினியரைக் கூப்பிட்டார்கள்.

சின்ன வயசுப் பெண். வந்ததும் ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தாள், இறங்கி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"இது தூணே இல்லைக்கா. தூண் உள்ள ஒல்லியா இருக்கு, மத்த தூண் மாதிரியே. இது அதைச் சுத்திக் கட்டின சுவர். கூரை வரைக்கும்கூடப் போகலை, மேல கையளவு இடைவெளி இருக்கு. இது எதையும் தாங்கலை."

"எதுக்கு சுத்திக் கட்டினாங்க?"

"இடிச்சாத்தான் தெரியும்," என்றாள். அவளுக்கு என்னைவிட அவசரம்.

மேஸ்திரிகள் வந்து மறுநாளே பிரித்தார்கள். புழுதி அடங்கியதும் நாங்கள் பார்த்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. நடுவில் ஒல்லிக் கல்தூண். அதைச் சுற்றி இடுப்பு உயரத்தில் வட்டமாக ஒரு கல்மேடை, ஒரு ஆள் உள்ளே நுழைய மட்டும் இடைவெளி விட்டு. மேடைமேல் தானியம் அளக்கிற மரப்படிகள், கல் எடைகள், தராசுத் தட்டு, ஒரு துடைப்பக்கட்டை. உள்பக்கம் ஒரு முக்காலி. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. முதன்முதலில் இது சந்தையாக இருந்தபோது யாரோ வைத்திருந்த கடை. நாலு பக்கமும் பார்த்த மாதிரி, கூடத்துக்கு நட்ட நடுவில்.

கடையை விட்டுவிட்டு ஏன் சுவர் கட்டினார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் சொல்வதுதான் சரி. குதிரைக்காரர்கள் வந்து எல்லாரையும் காலி பண்ணச் சொல்லியிருப்பார்கள். இந்தக் கடைக்காரி மட்டும் மாட்டேன் என்றிருப்பாள். வாய்ச் சண்டையில் அவளை ஜெயிக்க முடியாமல், அவள் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சுற்றிச் சுவர் எழுப்பியிருப்பார்கள். அவள் பொம்பளை என்று உங்களுக்கு யார் சொன்னது என்று டெய்லர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், என் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

சந்தோஷம் ரெண்டு நாள்தான். ஊரே வந்து பார்த்தது, படம் எடுத்தது. பிறகு மேலேயிருந்து உத்தரவு வந்தது. இது பழைமையான பொருள், சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், யாரும் தொடக்கூடாது. சூப்பர்வைசர் சிவப்புக் கயிறு வாங்கிவந்து நாலு கம்பி நட்டுக் கட்டினார். என் இடம் பழையபடி அதற்குப் பின்னால்தான். முன்பு என்னை ஒரு தூண் மறைத்தது. இப்போது தூணைப் பார்க்க வந்தவர்களின் முதுகெல்லாம் சேர்ந்து மறைத்தது. நானே சுரண்டி, நானே கண்டுபிடித்து, நானே என் கண்ணைக் குத்திக்கொண்டேன். அன்றைக்குக் கம்பெனி மேடத்தின் போன் வந்தபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதுவரைக்கும் எப்போது கேட்டாலும் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

யோசித்தேன். திறப்பு விழா அன்று காலையில் என் பட்டன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தேன். படிகளையும் எடைகளையும் பத்திரமாக ஒரு ஓரம் ஒதுக்கினேன். தட்டுகளை மேடையில் வட்டமாகப் பரப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எந்திரிங்கம்மா. மேலேயிருந்து ஆளுங்க வர்ற நேரம்."

"முன்னாடி இங்க இருந்தவளையும் இப்படித்தான் எந்திரின்னு சொன்னீங்க. அவ எந்திரிக்கலை. என்ன பண்ணீங்க? சுவர் கட்டினீங்க. இப்பவும் கட்டுங்க. செங்கல் வெளியிலேயே அடுக்கி வெச்சிருக்கு."

"நான் எங்கம்மா கட்டினேன்?" என்றார் அவர், நிஜமாகவே பாவமாக.

"நான் சாப்பிடப் போகமாட்டேன். அந்தத் தப்பை நான் பண்ணமாட்டேன். என்னை உள்ள வெச்சுத்தான் கட்டணும்."

அடித்துத்தான் சொன்னேன். ஆனால் போலீஸைக் கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும் என்று எனக்கே தெரியும். அப்போது வாசல் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஒரு பழப்பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கயிற்றைத் தூக்கினாள், பெட்டியை உள்ளே தள்ளினாள், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கட்டுறதா இருந்தா கொஞ்சம் அகலமாக் கட்டுங்க தம்பி. நானும் உள்ள இருக்கேன். பழம் இருக்கு, பசிக்காது."

"உங்க வாசல் இடம் என்னக்கா ஆகிறது?" என்றேன்.

"நீ இல்லாம அங்க யாரோட சண்டை போடுறது? ரெண்டு நாளா வாய் நமநமன்னு இருக்கு," என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் பார்க்காமல் நானும் திரும்பிக்கொண்டேன்.

"சுவர் எழும்புறதுக்குள்ள எனக்கு ஒரு கறுப்பு நூல் கண்டு," என்று டெய்லர் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி ஜிப் கேட்டாள். அவசரமாக விற்றேன்.

என்ஜினியர் பெண் இதையெல்லாம் ஏணியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இந்தக் கட்டடம் முழுக்க நான் பார்த்தாச்சு," என்றாள் சூப்பர்வைசரிடம். "யாரும் புழங்காத பக்கம்தான் ஒழுகுது, விரிசல் விட்டிருக்கு. குதிரையோ கோர்ட்டோ, ஆள் புழங்கின இடமெல்லாம் நல்லா இருக்கு. கயிறு கட்டினா இந்த இடமும் ஒழுக ஆரம்பிச்சிடும். மேலே பேசுங்க, நானும் பேசறேன்."

ரெண்டு பேரும் வெளியே போய் மாற்றி மாற்றிப் போனில் பேசினார்கள். அந்த நேரம் முழுக்க நானும் நாத்தனாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் திரும்பி வந்தபோது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விக்கலாம். கல்லுல ஆணி அடிக்கக்கூடாது. படி, எடை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிடும். தூண்ல ஒரு அறிவிப்பு எழுதி வைக்கணும்."

"என்ன அறிவிப்பு?"

"ஏதாவது. பொது இடம்னா ஒரு அறிவிப்பு இருக்கணும். அது விதி."

நாத்தனார் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "பெட்டியைத் தூக்கிக் குடு, எனக்கு வியாபாரம் இருக்கு," என்று வாசலுக்குப் போனாள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி உத்தரவில் இல்லை என்பதால் அது அப்படியே இருந்தது. அதில் லேஸ்களைத் தொங்கவிட்டேன். சிவப்புக் கயிற்றில் வெள்ளை லேஸ், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்குத் தலை நிமிர நேரம் இல்லை. நாலு பக்கமும் கேட்டார்கள், முக்காலியில் சுற்றிச் சுற்றி எடுத்துக் கொடுத்தேன். சூப்பர்வைசரின் சட்டைக் காலரில்கூட ஒரு பட்டன் இல்லாததைக் கண்டுபிடித்து விற்றேன். எனக்கு முதுகுப் பக்கம் என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் சாய டப்பாவுமாக ஸ்டூல் போட்டு ஏறி நிற்பது தெரிந்தது. 'தொடாதீர்கள்' என்று எழுதுவார், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலிலிருந்து நாத்தனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் தூணைப் பார்த்துச் சிரித்தாள். நான் மேடையை விட்டு வெளியே வந்து, சுற்றிப் போய் நிமிர்ந்து பார்த்தேன். புதுச் சுண்ணாம்பின் மேல் நீலத்தில், முத்து முத்தாக எழுதியிருந்தது.

'இங்கே சத்தமாகப் பேசலாம்.'

அவர் கீழே உட்கார்ந்து பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் என் பேச்சைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொன்னதில்லை. எழுத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நிக்கிற? படி," என்று நாத்தனார் வாசலிலிருந்து கத்தினாள். "சத்தமாப் படி."

படித்தேன். என் குரல் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதோடு நிறுத்தவும் முடியவில்லை, "பட்டன், நூலு, ஜிப்பு, லேஸு," என்று சேர்த்துக் கூப்பிட்டேன். வாசலில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்து, "இதே மாதிரி பட்டன் இருக்காக்கா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.